அங்க மழைங்களா?

போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை காலை, ஏற்காட்டிலிருந்து எங்கள் குழுவுக்கு ஒரு வரி வந்தது. "நெட் வரலைங்க."

அனுப்பியவர் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டர். ரைட்டர் என்றதும் கதை, கவிதை என்று போய்விட வேண்டாம். மலையில் ரைட்டர் என்றால் ஆள் கணக்கும் கூலிக் கணக்கும் எழுதுகிறவர். பழம் பறிக்கும் பருவம், அன்றைக்குக் கூலி போடுகிற நாள் வேறு. மனுஷன் தவித்துப் போயிருப்பார். ஆனால் "நெட் வரலை" என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு கீழே சேலத்தில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் என்ன செய்ய முடியும்? ஆஸ்பத்திரிக்குப் போய் "உடம்பு சரியில்லைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலத்தான்.

எங்கள் குழு சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும், விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் வைத்திருப்பவர்களுடையது. செவ்வாய்ப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பிரஸ்காரர் ஒருவர். அம்மாப்பேட்டையில் ரிட்டையர்டு கணக்கு டீச்சர். சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். "நான் ஆர்ச் யூஸ் பண்றேன்" என்பதை வணக்கத்துக்குப் பதிலாகச் சொல்லும் காலேஜ் பையன் (ஆர்ச் என்பது லினக்ஸில் ஒரு வகை). ஊரை விட்டுப் போய்ப் பத்து வருஷமாகியும் குழுவை விட்டுப் போகாத ஓசூர்க்காரர். பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் யாரிடம் எந்த வருஷத்து மதர்போர்டு இருக்கிறது, யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, யார் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அத்துப்படி.

இந்தச் சர்க்கரை, மாப்பிள்ளை வகைச் செய்திகளைப் பற்றித்தான் குழுவில் ஓயாத தகராறு. ஆர்ச் பையனுக்கு அரட்டை ஆகாது. "டவுட் இருந்தா கேளுங்க, பதில் சொல்லுங்க, முடிஞ்சுதுனா கிளம்புங்க. காலைல எந்திரிச்சா ரோஜாப்பூ குட்மார்னிங் நாப்பது வருது" என்பான். எதிர்க்கட்சி டீச்சரம்மா. "சாப்டியான்னு கேக்காம எப்படிப்பா ஒருத்தர்கிட்ட பேச்சைத் தொடங்கறது?" ஒரு தடவை அவனை மடக்க வரலாற்றையே இழுத்துவிட்டார். டெபியன் என்ற லினக்ஸ் வகைக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா என்று கேட்டார். 1993-இல் இயன் மர்டாக் தன் காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டி வைத்ததுதானே அது. "காதலி பேரை வச்சுத் தொடங்கின சமாச்சாரத்துல சொந்தக் கதை பேசக் கூடாதுங்கறியே!" பையன் இரண்டு நாள் பக்கமே வரவில்லை.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25 அன்று எழுதிய அந்தப் புகழ்பெற்ற அறிவிப்பையும் நான் இப்போதெல்லாம் டீச்சரம்மா கணக்கில்தான் சேர்க்கிறேன். அதை ஏதோ பிரகடனம் போலச் சொல்லுவார்கள். எடுத்துப் படித்துப் பார்த்தால், ஹெல்சிங்கியில் 21 வயதுப் பையன் ஒருவன் மினிக்ஸ் என்ற இயங்குதளம் வைத்திருப்பவர்களைப் பார்த்து, உங்களுக்கு அதில் எது பிடிக்கும், எது பிடிக்காது என்று விசாரிக்கிறான், அவ்வளவுதான். நான் செய்வது சும்மா பொழுதுபோக்குக்கு, குனு என்ற மென்பொருள் திட்டம் மாதிரிப் பெரிதாக எல்லாம் வராது என்று கூச்சத்தோடு ஒரு வரி. டீக்கடை பெஞ்சில் பேசுகிற தொனி.

நான் இதற்குள் விழுந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மலைக்குத் திரும்புகிறேன். 2012-இல் பிளஸ் டூ முடித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி கைக்கு வந்தது. திறந்தால் விண்டோஸா, பாஸா என்று கேட்கும். பாஸ் என்பது மத்திய அரசின் சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய லினக்ஸ். அதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வகுப்பில் அதற்கு வைரஸ் என்று பெயர். கடையில் 200 ரூபாய் கொடுத்து ஆளாளுக்கு அழித்துக்கொண்டார்கள். என்னிடம் 200 ரூபாய் இல்லாததால் அது பிழைத்தது. பிறகு ஒருநாள் விண்டோஸ் படுத்துவிட்டது, வேறு வழியில்லாமல் பாஸுக்குள் போனேன், பாட்டு ஓடியது. அஞ்சு ரோடு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அண்ணன் அட்டை உறை போட்ட, உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் சிடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். 2011 வரை கேட்டவர்களுக்கெல்லாம் அதைத் தபாலில் இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு தரணும்ணா என்றேன். "எனக்கும் ஒருத்தர் சும்மா குடுத்ததுதான் தம்பி. பாத்துட்டு வேற யாருக்காச்சும் குடு." அவருக்கு நான் திருப்பிக் கொடுத்தது ஒன்றுமில்லை. சிடி இப்போது யாரிடம் இருக்கிறதோ.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்துகிறது என்ற சேதி பரவியதும் எங்கள் குழுவுக்குத் திடீர் கிராக்கி வந்தது. பதினொன்றுக்குப் போகப் பழைய மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை, புதிதாக வாங்கக் காசில்லை, "அந்த லினக்ஸ்னு சொல்றீங்களே, அதைப் போட்டுப் பாக்கலாமுங்களா?" இப்படி வந்தவர்களில் ஒருவர்தான் ரைட்டர் அண்ணன். ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பைக்கில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், விண்டோஸை அப்படியே ஒரு ஓரமாக விட்டுவிட்டுப் பக்கத்தில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். கூலிப் பட்டியல் போடுகிறவராச்சே என்று திரை மூலையில் மணியோடு தேதியும் தெரிகிற மாதிரி அமைத்தேன். மதியம் அவர் வீட்டில் சாப்பாடு, கிளம்பும்போது ஒரு பொட்டலம் மிளகு.

புதிதாக வருகிறவர்களோடு மாரடிப்பது தனி வித்தை. பல லினக்ஸ் வகைகளில், கமாண்டு அடிக்கும் டெர்மினலில் பாஸ்வேர்டு அடித்தால் திரையில் புள்ளி கூட விழாது, அது அப்படித்தான். பத்தில் எட்டுப் பேர் அந்த இடத்தில் போன் செய்து "கீபோர்டு செத்துப் போச்சுங்க" என்பார்கள். போனில் கமாண்டு சொல்லுவது அதைவிடக் கொடுமை. எல்எஸ் அடிக்கச் சொன்னால் எல்லுக்குப் பதில் ஒன்றைத் தட்டுவார்கள். "ஒண்ணு இல்லைங்க, லாரிக்கு வர்ற எல்." பைப் என்றால் நெட்டுக்குத்தாக ஒரு கோடு. டில்டே என்றால் ஒன்றாம் நம்பருக்குப் பக்கத்தில் நெளிந்து கிடக்கும் கோடு. ஸ்லாஷ் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதைச் சொல்ல எங்களுக்குள் ஒரு வாய்ப்பாடே உண்டு: தலை வலது கைப்பக்கம், கால் இடது கைப்பக்கம்.

ஒரு முறை பிரஸ்காரருக்குப் பழைய ஃபோல்டர் ஒன்றை அழிக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஆர்எம், ஸ்பேஸ், மைனஸ் ஆர்எஃப், ஸ்பேஸ், ஸ்லாஷ் ஹோம் என்று நான் சொல்லச் சொல்ல அவரும் பயபக்தியோடு அடித்தார். ஸ்லாஷுக்கும் ஹோமுக்கும் நடுவில் நான் மூச்சு விட்டேன் போல, அதையும் ஒரு ஸ்பேஸாகத் தட்டிவிட்டார். விஷயம் தெரிந்தவர்களுக்கு இதைப் படிக்கும்போதே வயிற்றைக் கலக்கும். ஹோமுக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டரை அழி என்பது, அந்த ஒரு இடைவெளியால், வேரிலிருந்து கம்ப்யூட்டரில் இருக்கும் எல்லாவற்றையும் அழி என்று ஆகிவிடும். நல்லவேளை, இப்போதைய ஆர்எம் வேரில் கை வைக்கச் சொன்னால் ஆபத்து என்று சொல்லி மறுத்துவிடுகிறது. "ஏதோ டேஞ்சர்னு வருதுங்க தம்பி, ஓகே குடுக்கட்டுங்களா?" அன்றோடு போனில் அழிக்கச் சொல்லுவதை விட்டுவிட்டேன்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

நெட் வரவில்லை என்றால் எங்கள் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஆஸ்தான குற்றவாளி உண்டு. எனக்கு டிஎன்எஸ், இணையதளப் பெயருக்கு முகவரி தேடிக் கொடுப்பது. ஓசூர்க்காரருக்கு எம்டியு, நெட்டில் ஒரு தடவைக்கு அனுப்பும் தகவல் பொட்டலத்தின் அளவு. ஆர்ச் பையனுக்கு லினக்ஸின் உள்மையமான கர்னல் பழசு. கொலுசுப் பட்டறை அண்ணனுக்கு எந்தப் பிரச்சினைக்கும் எர்த்திங் சரியில்லை. காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். இணைப்பு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் பிங் போட்டுப் பார்க்கச் சொன்னோம், போய் ஒழுங்காகத் திரும்பி வந்தது. அப்படியானால் நெட் இருக்கிறது. "வரலைங்க" என்றார் அவர். எதுவுமே வரவில்லையா என்றால், "பேங்க் வருது. மெயில் வரல. நம்ம காப்பி விலை பாக்கறது வரல." டிஎன்எஸ் மாற்றினோம். மோடத்தை அணைத்துப் போட்டோம். போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தோம். பிரவுசரைக் கழற்றி மறுபடி மாட்டினோம். எம்டியுவைக் குறைத்தோம், அது ஓசூர்க்காரரின் மனத்திருப்திக்காக. பேங்க் வந்தது, மெயில் வரவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னோம். மேலே இருந்த தலைப்பை மட்டும் நெருக்கத்தில் எடுத்து அனுப்பினார். பாதுகாப்பு எச்சரிக்கை என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. அதை வைத்துக்கொண்டு வைரஸா, பிராக்ஸியா என்று இன்னும் ஒரு மணி நேரம் போனது.

ஒரு மணி வாக்கில் எல்லோரும் ஓய்ந்துவிட்டோம். அப்போது டீச்சரம்மா உள்ளே வந்தார். மேலே நடந்த எதையும் அவர் படித்த மாதிரியே இல்லை.

"அங்க மழைங்களா?"

"காலைல இருந்து ஊத்துதுங்கம்மா. நேத்து ராத்திரி இடி வேற. எல்லாத்தையும் மெயின்லயே அணைச்சுப் போட்டுட்டுத்தான் படுத்தேன்."

தொடர்ந்து ஒரு போட்டோ. மேசை மேல் செய்தித்தாள், அதில் நாலு மிளகாய் பஜ்ஜி, எண்ணெய் ஊறிய இடத்தில் தாள் கண்ணாடி போலத் தெரிகிறது. பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாகப் பனி, சில்வர் ஓக் மரம் ஒன்றின் பாதி. இடது ஓரத்தில் மானிட்டரின் மூலை கொஞ்சம். ஆர்ச் பையன் தலையில் அடித்துக்கொள்ளும் பொம்மை ஒன்றைப் போட்டான். கூலி போட முடியாமல் தவிக்கிறவர் பஜ்ஜி படம் அனுப்புகிறாரே என்று எனக்கும் எரிச்சல்தான்.

ஐந்து நிமிஷம் கழித்து டீச்சரம்மா. "ஏங்க தம்பி, உங்க கம்ப்யூட்டர்ல ஏன் ஜூன் 22-ன்னு போட்டிருக்கு?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மானிட்டர் மூலையில், நானே தேதி தெரிய அமைத்துக் கொடுத்த அந்தக் கடிகாரத்தில், ஜூன் 22. நான் மலைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை.

ஒவ்வொரு இணையதளமும் உள்ளே விடும் முன் ஒரு சான்றிதழைக் காட்டும். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். பல தளங்களில் இந்தச் சான்றிதழுக்கு ஆயுள் மூன்று மாதம்தான், பிறகு புதிது. ஜூனில் நிற்கும் கம்ப்யூட்டருக்கு அக்டோபரில் எழுதிய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் வாசலிலேயே நிறுத்திவிடும். பேங்க்காரர்கள் வருஷச் சான்றிதழை ஜூனுக்கு முன்னாலேயே வாங்கியிருக்க வேண்டும், அதனால் அது மட்டும் திறந்தது. சிலது வருது, சிலது வரல என்று அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. எச்சரிக்கைப் பக்கத்தை முழுசாக எடுத்து அனுப்பச் சொன்னேன். தலைப்புக்குக் கீழே இரண்டாவது பத்தியில் உங்கள் கணினியின் தேதி தவறாக இருக்கலாம் என்று பிரவுசரே எழுதி வைத்திருந்தது. மூன்று மணி நேரமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது.

ஏன் ஜூன் 22? இங்கேதான் எனக்குத் தலைகுனிவு. லினக்ஸ் மதர்போர்டுக் கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை எழுதி வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். ஒரே பெட்டியில் இரண்டும் இருந்தால் விண்டோஸ் பக்கம் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடும். ஒரே ஒரு வரிக் கமாண்டில் சரிசெய்கிற வேலை. நான் கீழே இறங்கி வந்த அன்றிரவே ரைட்டர் அண்ணன் போன் செய்து மணி தப்பா இருக்குங்களே என்றார். பைக் ஓட்டிய முதுகுவலி எனக்கு. "தானா நேரம் பாக்கற பட்டன் ஒண்ணு இருக்கும், அதை அணைச்சு விடுங்கண்ணா. அடுத்த தடவை வரும்போது பாத்துக்கலாம்." அடுத்த தடவை நான் போகவே இல்லை.

அதற்குள் மதர்போர்டில் இருக்கும் வட்டப் பேட்டரி செத்திருக்கிறது. பிளக்கில் கரண்ட் இருக்கும் வரை கடிகாரம் எப்படியோ ஓடும். இடிக்குப் பயந்து மெயினை அணைத்தால் அதோடு மறதி. மறுநாள் பெட்டி எழும்போது மின்ட் கடைசியாக நெட்டைப் பார்த்துச் சரியான நேரம் தெரிந்துகொண்ட நாளைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. அதாவது நான் பட்டனை அணைக்கச் சொன்ன நாள். இடி மாதம் தொடங்கியதிலிருந்து மெயினை அணைத்த ராத்திரிகளுக்கெல்லாம் மறுநாள் அந்த அறையில் ஜூன் 22-தான் விடிந்திருக்கிறது. பட்டியலில் தேதியைக் கையால் அடிக்கிறவர் என்பதால் அவர் கவனிக்கவில்லை. ஃபைல்களைப் பார்த்தால் பத்து நாள் கூலிப் பட்டியலும் ஒரே நாளில் எழுதிய மாதிரி இருந்தது.

பட்டனைப் போடச் சொன்னேன். அரை நிமிஷத்தில் கடிகாரம் ஜூனிலிருந்து ஒரே தாவாகக் கார்த்திகைக்கு வந்தது. மெயிலும் வந்தது. பையன் ஒன்றும் எழுதவில்லை. சாயங்காலம் மட்டும், யாரும் கேட்காமலே, தான் அன்று மதியம் சாப்பிட்ட தட்டுவடை செட்டைப் படம் பிடித்துப் போட்டிருந்தான். பீட்ரூட் துருவல் கொஞ்சம் அதிகம்.

இந்தக் கதையைச் சொன்னால் சிலர், அவர் முதலிலேயே முழு விவரம் சொல்லியிருந்தால் மூன்று மணி நேரம் மிச்சமாகியிருக்குமே என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் எது விவரம் என்று தெரிந்திருந்தால் அவரே சரிசெய்திருப்பார். நாங்கள் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகத்தான் பதில் சொன்னார். ராத்திரி மெயினை அணைத்துவிட்டுப் படுப்பீர்களா என்று எங்களில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மழையைப் பற்றிக் கேட்டபோதுதான் அது வந்தது.

பிரஸ்காரருக்கும் கிட்டத்தட்ட இதே போல ஒன்று நடந்தது. இருபது வருஷத்துப் பத்திரிகை ஃபைல்களும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கின்றன. மின்டுக்கு மாறியதும் திறந்தால் மணமகன் மணமகள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியல், மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. எல்லாம் அழிந்துவிட்டது என்று நினைத்து இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். மகள் கல்யாணம் எப்போது என்று டீச்சரம்மா கேட்கப் போய், "எங்கங்கம்மா, பத்திரிகை அடிக்கவே வழியில்லாம உக்காந்திருக்கேன்" என்று சொல்லப் போய்த்தான் வெளியே வந்தது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து எழுத்துரு ஃபைலை எடுத்து ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டதும் மணமக்கள் திரும்பி வந்துவிட்டார்கள். இரண்டு நிமிஷ வேலை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரைட்டர் அண்ணன் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கி வந்தார். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வாட்ச் கடையில் சிஆர் 2032 வாங்கினோம். அந்த எண்ணே அதன் அளவு என்று சொன்னேன், 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் காசு அளவுக்குத்தானுங்களா மூணு மணி நேரம்?" பேட்டரியை எப்படி மாட்டுவது என்று டீ குடித்துக்கொண்டே காகிதத்தில் வரைந்து கொடுத்தேன். இந்தத் தடவை அந்த ஒரு வரிக் கமாண்டையும், எல்லுக்குப் பக்கத்தில் லாரி படம் போட்டு.

பதினைந்து நாள் கழித்து ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு அவரிடமிருந்து செய்தி. "இடியில மோடம் போயிருச்சுங்க. பக்கத்து எஸ்டேட்லயும் போச்சாம்." ஆர்ச் பையன் உடனே எழுதத் தொடங்குவது தெரிந்தது. அவன் எழுதி முடிக்கும் முன்பே அடுத்த வரி வந்துவிட்டது.

"இது லினக்ஸ் டவுட் இல்லைங்க. சும்மா சொன்னேன்."